திறப்பு உங்கள் பொக்கற்றில் இருக்கட்டும்: வன்னியில் நெல் ஆலை வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

காலபோக நெல் வெட்டத் தொடங்கியதும் கிளிநொச்சி, பரந்தன், வவுனியா, முருங்கன் பக்கத்து ஆலைகள் ஆள் தேடத் தொடங்கிவிடும். லாண்ட்மாஸ்டரிலும் லொறியிலும் நெல் வந்து இறங்க இறங்க, தை, மாசி, பங்குனி முழுக்கச் சில ஆலைகள் இரவு பகலாக ஓடும். அந்த நேரத்தில் வேலைக்கு வருபவர்களில் பலர் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே பழகாதவர்கள். வயலில் வளர்ந்த பிள்ளைகள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள், வீட்டைத் தனியாளாகக் கொண்டு நடத்தும் அக்காமார்.

நான் கிளிநொச்சிப் பக்கத்து ஆலை ஒன்றில் பதினொரு வருடமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். புதிதாக வருபவர்களை முதல் நாள் கூட்டிக்கொண்டு போய் ஆலையைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. அப்போது வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போது வேறொரு ஆலையில் சாக்குத் தைக்கும் வேலை. ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. நெல்லை வாளிகளில் மேலே தூக்கும் எலிவேற்றரின் அடியில் நெல் அடைத்துக்கொண்டு கிடந்தது. என்னோடு நின்ற அண்ணை, "இப்ப மெஷின் நிக்குதுதானே, ஒருக்கா வழிச்சு விட்டிடுறன்" என்று சொல்லிக்கொண்டே கீழ் மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். மெயின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அங்கே நின்ற ஒருவருக்கும் அது மனதில் படவில்லை, எனக்கும்தான். மூன்று நான்கு நிமிடம் போயிருக்கும். விளக்கு எரிந்தது, பெல்ட்டும் ஓடியது. எல்லா மெஷினும் ஒன்றாகக் கிளம்பிய சத்தத்தில் அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. அவருடைய செருப்பு ஒன்று என் காலடியில் வந்து விழுந்ததைப் பார்த்துத்தான் திரும்பினேன். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

யாரும் சுவிட்சைப் போடவில்லை. கரண்ட் தானாக வந்தது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஒரு கம்பனி பாதுகாப்பை எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டுமானால், வாசலில் மாட்டியிருக்கும் பலகையை வாசிக்கத் தேவையில்லை. மெஷின் சிக்குகிற நிமிடத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். வேலை முழுவதையும் நிறுத்தி, பூட்டி, திறப்பை உங்கள் கையில் தருகிறார்களா? அல்லது "கெதியா எடுத்துவிடு" என்கிறார்களா?

சேருவதற்கு முதல்

நியமனக் கடிதம் கேளுங்கள். நாட்சம்பளம் என்றாலும் உங்கள் பெயர், வேலை, தொடங்கிய திகதி எழுதிய ஒரு தாளாவது கையில் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் "இவர் எங்களிடம் வேலை செய்யவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாதபடி இருப்பதற்கு அதுதான் சாட்சி. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடுவார். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். நிரந்தரமாக உடல் இயலாமல் போனால் இந்த நம்பிக்கை நிதியில் உதவி உண்டு. ஆகவே உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வயது 18 ஆகவில்லை என்றால் இயந்திரப் பக்கம் வேலை கேட்காதீர்கள். அபாயமான தொழில்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பது சட்டப்படி குற்றம். அடையாள அட்டையைப் பார்க்காமலே பெடியன்களை எடுக்கிற ஆலை, மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

முதல் நாள் காலை: உடுப்பு

சாரத்தோடு வராதீர்கள். இது வயதான ஆட்களுக்குப் பிடிக்காத கதை. முப்பது வருடமாகச் சாரத்தோடு வேலை செய்த ஐயா ஒருவர் என்னோடு கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை. ஆனால் சுழலுகிற அச்சுக்கு உங்கள் அனுபவம் தெரியாது, தொங்குகிற துணிதான் தெரியும். நீளக் காற்சட்டை, உடம்போடு ஒட்டிய சேட், மூடிய சப்பாத்து. பெண்கள் தோளில் போடும் சோலை (துப்பட்டாவை) கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். தலைமுடியைப் பின்னிக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் அடக்குங்கள். மோதிரம், காப்பு, சங்கிலி எதுவும் வேண்டாம். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊசியால் குத்திக்கொள்ளுங்கள். எங்கள் ஆலையில் பெண்களுக்கு அதற்காகவே கழுத்து மூடிய மேற்சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறோம்.

கையில் கட்டிய நூல்தான் எனக்குச் சிக்கலான விஷயம். வற்றாப்பளை அம்மன் கோவிலில் கட்டிய நூலை அறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. பருத்தி நூல் என்றால் இழுபட்டதும் அறுந்து போகலாம். இப்போது பலர் கட்டியிருப்பது நைலோன். அது அறுவதற்கு முதல் தோலை உரித்துவிடும். அதனால் மணிக்கட்டில் இருப்பதை மேற்கையில், சட்டைக் கைக்குள் போகும்படி மாற்றிக் கட்டச் சொல்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

சுழலுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் துணிக் கையுறையும் போட வேண்டாம். கையுறை நல்லதுதானே என்று புதியவர்கள் கேட்பார்கள். சூடான குழாயைத் தொடுவதற்கும் மூட்டை தூக்குவதற்கும் நல்லது. றோலரில் கையுறையின் நுனி பட்டால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது: நடந்து பாருங்கள், எண்ணிப் பாருங்கள்

வேலையைத் தொடங்க முதல் ஆலையை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நெல் வரும் வழியே நடந்தால் ஒழுங்கு புரியும்: கொட்டும் குழி, துப்புரவாக்கி, ஊறவைக்கும் தொட்டி, அவிக்கும் தொட்டி, உலர்த்தி, உமி நீக்கும் இயந்திரம், அரிசியைத் தீட்டும் பொலிஷர், சலிப்பான், பிறகு மூட்டை கட்டும் இடம். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நெல்லைத் தூக்கிப் போடுவது எலிவேற்றர்.

ஒவ்வொரு இயந்திரத்துக்குப் பக்கத்திலும் நின்று, அதை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் எங்கே, எத்தனை எட்டில் இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு அதன் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள். "அதெல்லாம் எலெக்ட்ரீசியனுக்குத்தான் தெரியும்" என்று பதில் வந்தால், காட்டும்வரை அந்த மெஷினில் நிற்காதீர்கள்.

பெல்ட், சங்கிலி, பற்சக்கரம், அச்சு எல்லாவற்றுக்கும் மூடி இருக்க வேண்டும். இது முதலாளியின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயம் இல்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அபாயமான பாகங்களை வேலியிட்டு மறைக்கச் சொல்கிறது. எண்பது வருடத்துக்கு மேல் பழைய சட்டம். இன்றைக்கும் கம்பி மூடியைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்துவிட்டு ஓட்டுகிற இடங்கள் இருக்கின்றன. மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் மூடியைக் கண்டால் அது எந்த மெஷினுடையது என்று கேட்டுவிடுங்கள்.

பரந்தனில் ஒருகாலத்தில் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. யுத்தத்தோடு அது போய்விட்டது. கட்டடத்தை விட எனக்கு அதில் கவலை வேறு. தொழிற்சாலைக்குள் எப்படி நடக்க வேண்டும் என்று அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வர வேண்டிய பழக்கம் எங்கள் மண்ணில் ஒரு தலைமுறை அறுந்து போய்விட்டது. அதனால்தான் எல்லாவற்றையும் அரிச்சுவடியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

சிக்கினால்

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள்.

நெல் அடைக்கும், வைக்கோல் சுற்றும், சாக்கு நூல் அச்சில் ஏறும், பெல்ட் விலகும். ஒரு நாளில் பல தடவை நடக்கும். ஒவ்வொரு தடவையும் கை தானாக உள்ளே போகப் பார்க்கும். எங்கள் ஆலையில் செய்கிற முறை இதுதான்.

முதலில் "நிப்பாட்டு" என்று சத்தமாகச் சொல்லிக் கையைத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். சத்தத்தில் குரல் கேட்காது, கை தெரியும். சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். அதோடு விடாமல் அந்த மெஷினின் மெயின் சுவிட்சையும் நிறுத்துங்கள். பிறகு அந்தச் சுவிட்சில் பூட்டுப் போடுவதற்கென்று உள்ள காதில், ஆலை உங்களுக்கென்று தந்த பூட்டைப் போட்டுப் பூட்டி, திறப்பை உங்கள் பொக்கற்றில் வையுங்கள். மேசையில் வேண்டாம், மேற்பார்வையாளரிடமும் வேண்டாம். உங்கள் பொக்கற்றில்.

இப்போது திரும்பி வந்து மெஷினை ஓட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஓடவில்லை என்றால்தான் பூட்டியது சரியான சுவிட்ச். பெயர் மாறி எழுதிய சுவிட்ச் பலகைகள் எத்தனையோ கண்டிருக்கிறேன்.

இன்னும் கையை விடாதீர்கள். கனமான சக்கரம் கரண்ட் போன பிறகும் சுழன்றுகொண்டிருக்கும், அது நிற்கும்வரை பொறுங்கள். உமி நீக்கும் இயந்திரத்தின் இரண்டு இறப்பர் றோலர்களும் எதிரெதிராக, வேறு வேறு வேகத்தில் சுழல்பவை. மெதுவாகச் சுழலும்போதும் விரலை உள்ளே இழுக்கும். எலிவேற்றரில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு பக்கத்து வாளிகளில் நெல் நிறைந்திருக்கும், மறுபக்க வாளிகள் வெறுமை. அடியில் அடைப்பு எடுபட்டதும் அந்தப் பாரத்தில் பெல்ட் பின்பக்கமாகச் சடாரென்று ஓடும், கரண்ட் இல்லாமலே. ஆகவே பூட்டிய பிறகும் கையால் வழிக்காதீர்கள். நீளத் தடியோ கொளுக்கியோ பாவியுங்கள். எங்கள் எலிவேற்றர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பூவரசந்தடி சாத்தி வைத்திருக்கிறோம், நுனியில் சிவப்புத் துணி கட்டி.

இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் இரண்டு பூட்டு. எவருக்குப் பூட்டு இல்லையோ அவர் கை உள்ளே போகக் கூடாது. வேலை முடிந்ததும் மூடியைத் திரும்பப் பூட்டுங்கள், நின்ற ஆட்களை எண்ணுங்கள், பிறகு அவரவர் பூட்டை அவரவர் திறக்கட்டும். மற்றவருடைய பூட்டை வெட்டித் திறந்தால் எங்கள் ஆலையில் அன்றோடு வேலை போய்விடும். எங்களிடம் உள்ள ஒரே கடுமையான விதி அதுதான்.

மின்வெட்டு நேரத்தில் இதெல்லாம் இரண்டு மடங்கு முக்கியம். கரண்ட் போனால் முதல் வேலை மெயின் சுவிட்சுகளை நிறுத்துவது. நல்ல ஸ்டார்ட்டர் பூட்டிய மோட்டர் என்றால் கரண்ட் திரும்பி வந்தாலும் பொத்தானை அழுத்தும்வரை ஓடாது. பழைய ஆலைகளில் நேரே சுவிட்சில் கொடுத்த மோட்டர்கள் இருக்கும், அவை கரண்ட் வந்ததும் தாங்களாகவே கிளம்பும். உங்கள் ஆலையில் எது என்று எலெக்ட்ரீசியனிடம் கேளுங்கள். நான் சொன்ன அண்ணையின் விரல்கள் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் போயின.

பூட்டுத் தராத ஆலை என்றால்? சுவிட்சில் பூட்டுப் போட வழியே இல்லை என்றால், மின்வேலை தெரிந்தவர் பியூஸைக் கழற்றி உங்கள் கையில் தரட்டும், சுவிட்சுக்கு முன்னால் ஒருவர் காவல் நிற்கட்டும். இது அரைகுறை ஏற்பாடுதான், ஆனால் வெறுங்கையை விட மேல். அதோடு பூட்டுக் கேட்பதையும் விடாதீர்கள். ஒரு சின்னப் பூட்டுக்குச் சில நூறு ரூபாதான் போகும்.

குழியும் களஞ்சியமும்

குவிந்த நெல்லைப் பார்த்தால் மணல் மாதிரித் தெரியும், ஏறி நிற்கலாம் போலிருக்கும். அடியில் வாய் திறந்து நெல் ஓடிக்கொண்டிருந்தால் அது புதைமணல். முழங்கால் வரை புதைந்தாலே தானாக வெளியே வர முடியாது, நெல் அதற்கு மேலே ஏறும் முன் வேறு யாராவது கண்டு உதவ வேண்டும். ஈரத்தில் கட்டிபட்ட நெல்லின் மேல் ஏறிக் காலால் உதைத்து உடைப்பது இன்னும் மோசம், அடியில் வெற்றிடம் இருக்கும். வெளியே நின்று தடியால் உடையுங்கள். இறங்கியே ஆக வேண்டும் என்றால் அடி வாயை மூடிப் பூட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

வண்டுக்கு மருந்து வைத்த களஞ்சியத்துக்குள் போகவே வேண்டாம். அலுமினியம் பொஸ்பைட் குளிசை காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பொஸ்பீன் வாயுவை விடும். அழுகிய மீன் அல்லது உள்ளி மணம் அடித்தால் அதுவாக இருக்கலாம். மணம் வரவில்லை என்பதற்காகவும் நம்ப முடியாது. இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் வந்து திறந்து, காற்றோட விட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் கதவுக்குக் கிட்டப் போக வேண்டும். இரவில் அந்தச் சுவரோரம் படுப்பதும் கூடாது.

பொயிலர்

பொயிலரைத் தொடுவது பொயிலர்காரருடைய வேலை. புதியவருக்கு நான்கு விஷயம் தெரிந்தால் போதும். அடுப்பு வாய் திறக்கும்போது நேரே நிற்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள், உமி நெருப்பு சில நேரம் வெளியே சீறும். தண்ணீர் காட்டும் கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை என்றால் ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணீர் விடாதீர்கள், பொயிலர்காரரைக் கூப்பிட்டு நெருப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு வால்வில் கல்லோ கம்பியோ கட்டியிருப்பதைக் கண்டால் அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டுக் கதையுங்கள். நான்காவது, உமிச் சாம்பல். மேலே சாம்பல் நிறத்தில் ஆறின மாதிரிக் கிடக்கும், கீழே நாள் கணக்காகத் தணல் இருக்கும். செருப்போடு கால் வைத்துக் கணுக்கால் வரை வெந்த பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். சாம்பல் மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லுங்கள்.

மெதுவாக வரும் கேடுகள்

விரல் போவது ஒரு நொடியில். காது, நெஞ்சு, முதுகு போவதற்குப் பத்து வருடம் எடுக்கும், அதனால் யாரும் கவலைப்படுவதில்லை.

ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்குக் கூடாது. பொலிஷர் பக்கம் அப்படித்தான் இருக்கும். காதடைப்பான் கேளுங்கள். பஞ்சை உருட்டி வைப்பதால் பெரிய பயன் இல்லை. நெல் தூசிக்குக் கைக்குட்டை கட்டுவதும் அப்படித்தான், தூசிக்கென்று உள்ள முகமூடி வேண்டும். வேலை விட்டுப் போய் இரவில் இருமல் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நின்றால் குறைகிறது என்றால் அதை வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள், "நெல் ஆலையில் வேலை" என்பதையும் சேர்த்து.

மூட்டை விஷயத்தில் எனக்கு முதலாளிமாரோடு இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. நம் பக்கத்து நெல் மூட்டை 60, 70 கிலோவுக்குப் போகும். வளர்ந்த ஆண் ஒருவர் தூக்குவதற்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967 இலேயே பரிந்துரைத்துவிட்டது. இரண்டு பேராகத் தூக்குங்கள், கைவண்டி கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நாற்பது வயதில் குனிய முடியாமல் இருக்கும், மூட்டை தூக்கிய நாட்டாமைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், எப்படித் தொடங்கியது என்று.

சோளகக் காலத்தில் அவிக்கும் தொட்டியடி வெக்கை தாங்காது. தாகம் வரும்வரை பார்த்துக்கொண்டிராமல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். வேர்வை நின்று தோல் காய்ந்து, பேச்சுக் குழறினால் அது சாதாரணக் களைப்பு இல்லை. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். வவுனியா மாவட்டத்தில் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கும்போது, தண்ணீர் விஷயத்தில் அலட்சியம் கூடாது.

எலி, பாம்பு, இரும்பு

நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பாம்பு. சாக்கு அடுக்குக்குள் வெறுங்கையை விடாதீர்கள், முதலில் தடியால் தட்டுங்கள். இரவுக் காவலுக்கு நிற்பவர்கள் நிலத்தில் சாக்கு விரித்துப் படுக்கவே வேண்டாம். எண்ணெய் விரியன் நித்திரையில் கடிக்கும், பலருக்கு வலியே தெரியாது. விடியப்புறம் வயிற்று வலியோடு எழும்பி, இமை தூக்க முடியாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கட்டிலும் நுளம்பு வலையும் காவலாளிக்கு ஆலை கொடுக்க வேண்டியவை. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், ஆளை அசைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. பாம்பைத் தேடி அடித்து நேரத்தைப் போக்காதீர்கள்.

ஊறவைக்கும் தொட்டி, வாய்க்கால் கழுவுபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காலில் புண் இருந்தால் மூடிக்கொண்டு, நீளச் சப்பாத்தோடு இறங்குங்கள். மழைக்காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்தால் தடுப்புக் குளிசை பற்றிச் சொல்வார். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

நம் மண்ணுக்கே உரிய ஒன்று இருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டும்போதும், ஆலைக்குப் பின்பக்கப் பற்றைக்குள் உமி கொட்டப் போகும்போதும் நிலத்தில் தெரியும் இரும்பைத் தொடாதீர்கள். மிதிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 இல் சேர்ந்தது, எத்தனையோ நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது, அந்த வேலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் நின்றார்கள். ஆனாலும் செல், கைக்குண்டு இன்னும் வெளிவருகின்றன. வந்த அடியிலேயே திரும்பி நடந்து, மற்றவர்களை விலக்கி, 119 க்குச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரரிடம் விற்கலாம் என்று யாராவது தூக்க வெளிக்கிட்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

காயம் பட்டுவிட்டால்

1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. ஆலையின் பெயரோடு ஏ9 வீதியிலிருந்து எந்த ஒழுங்கை, எந்தக் குளத்தடி என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தொலைபேசிக்கு மேல் எழுதி ஒட்டி வையுங்கள். பதட்டத்தில் சொந்த ஊர் கூட மறந்து போகும்.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கூடவே அனுப்புங்கள். ஐஸ் நேரே தொடக் கூடாது. ஆவி சுட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள், பற்பசையோ முட்டை வெள்ளையோ பூசாதீர்கள். கரண்ட் பிடித்தால் ஆளைத் தொட முதல் மெயினை நிறுத்துங்கள்.

பிறகு தாள் வேலை. நடந்த அன்றே திகதி, நேரம், எந்த மெஷின், யார் நின்றார்கள் என்று எழுதி இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாத காயம் என்றால் முதலாளி அதைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நட்டஈடு கேட்பதற்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022 இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும், வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் வருகிறது. இரவு வேலை முடிந்து சைக்கிளில் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள். விளங்கவில்லை என்றால் தொழில் அலுவலகத்தில் தமிழிலேயே கேட்கலாம். "முதலாளி நல்ல மனுசன், மனம் நோகும்" என்று விடாதீர்கள். நல்ல மனிதர் என்றால் தாளில் கையெழுத்துப் போடுவார்.

முதல் சனிக்கிழமை

எங்கள் தராசடியில் ஆணியில் ஒரு கொப்பி தொங்குகிறது. முதல் வாரம் முடியும்போது புதியவர் ஒவ்வொருவரும் அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: இந்த ஆலையில் எனக்குப் பயமாக இருந்த மூன்று இடங்கள். பழகிய கண்ணுக்கு அது தெரியாது. ஒரு மாதம் போனால் உங்களுக்கும் தெரியாமல் போய்விடும், அதனால்தான் முதல் வாரத்திலேயே கேட்கிறோம். உங்கள் ஆலையில் கொப்பி இல்லை என்றால் நீங்களே ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள்.

போன தையில் சேர்ந்த ஒரு தங்கச்சி இரண்டு வரிதான் எழுதினாள். "எலிவேற்றர் கிடங்குக்கு இறங்கும் மூன்றாவது படி ஆடுது. சிவப்புத் துணி கட்டின தடி எனக்கு எட்டாத உயரத்தில இருக்கு." பதினொரு வருடம் அந்தப் படியால் நான் இறங்கி ஏறியிருக்கிறேன். திங்கட்கிழமை படியைச் சீமெந்தால் கட்டினோம், தடியைக் கீழே இறக்கி வைத்தோம். கொப்பியில் அவள் எழுதியதற்குப் பக்கத்தில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவளுக்கென்று ஒரு பூட்டும் திறப்பும் அன்றே கொடுத்தேன்.